கூரைக்கு அடியில் ஹவுஸ் ஓனர்

எங்கள் வீட்டுக் கூரைக்கு அடியில் செத்துப்போன ஒருவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒரு கோடை முழுவதும் அவருக்குக் கீழேதான் நான் தூங்கினேன். தூங்கினேன் என்பது பேச்சுக்கு.

தண்டையார்பேட்டையில், மொட்டைமாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் குடியிருந்தோம். கீழே ஹவுஸ் ஓனர் குடும்பம். வெயில் காலத்தில் ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும். கைக்குழந்தையான தம்பிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அழுது அழுது தொண்டை கட்டிக்கொண்டது. அந்தச் சித்திரையில் ஓனர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். தெருமுனையில் அவர் கைகூப்பிச் சிரிக்கும் படத்தோடு பெரிதாகக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அப்பா அதைச் சுருட்டிக்கொண்டு வந்து, ஷீட்டைத் தாங்கும் கட்டைகளில் ஆணி அடித்து இழுத்துக் கட்டிவிட்டார்.

"செத்தவரு மூஞ்சிக்குக் கீய எப்டிய்யா கொயந்தைய தூங்க வெக்கிறது?" என்றாள் அம்மா.

"வெள்ளப் பக்கம் மேல இருந்தாத்தான் சூடு எறங்காது. கொடுங்கையூர் குப்பைக்குப் போறது நம்ம வூட்டுக்கு ஆவட்டுமே" என்றார் அப்பா.

சூடு குறைந்தது உண்மை. தம்பி தூங்கினான். நான்தான் செத்தேன். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் கீழிருந்தே அதட்டுகிற மனிதர் அவர். இப்போது சுவருக்குச் சுவர் விரிந்து மேலிருந்து பார்த்தார். வெளியே போகும்போது ஃபேனை அணைத்துவிட்டு, அணைத்ததை அவருக்கும் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் போவேன்.

ஒரு மத்தியானம் குடி முழுகியது. நாங்கள் ஆணி அடித்ததை யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். ஆணி அடித்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று குடிவந்த அன்றே சொல்லியிருந்தார்கள். ஓனரின் மனைவி மூச்சிரைக்கப் படியேறி வந்து, "எங்கடி அட்ச்சிகீறீங்க?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

அம்மாவின் கையிலிருந்த சொம்பு நழுவி விழுந்தது. அந்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எழவு அன்றுகூட அவர் முகம் அப்படிப் போய் நான் பார்க்கவில்லை.

"கொயந்தைக்கு வெயிலு தாங்கலம்மா. இப்பவே அவுத்துடறோம். காலி பண்ணச் சொல்லாதீங்கம்மா" என்று அம்மா அழுதுவிட்டாள்.

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தம்பிக்குப் பக்கத்தில் மெல்ல மல்லாந்து படுத்தார்.

"இர்க்கட்டும் வுடு. கீய ஒரே வெக்க. செத்த நேரம் படுத்துனு போறேன்."

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஆணியைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்கோ குழப்பம், கீழ் வீட்டில் ஏசி இருந்ததே. ரிப்பேராகிவிட்டது போல என்று நானே முடிவுகட்டி, பாவப்பட்டு, "அட்த்த தெருவுல மெக்கானிக் கீறாரும்மா, இட்டாரட்டா?" என்று கேட்டேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

அந்தம்மா கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வாணாம்மா. வெயில் காலம் போவட்டும்" என்றார்.

வெயில் போன பிறகு ஏசியைச் சரிசெய்து என்ன பிரயோசனம் என்று எனக்கு விளங்கவே இல்லை.