படகுக்கு நிற்கும் பஸ்

தாலிசாய் பஸ் நிலையத்தில் இருபத்திரண்டு வருடங்களாக லாரிங்தான் டைம் கீப்பர். காந்தெலாரியா பனாகிதோன் என்ற முழுப்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. கழுத்தில் விசில், கையில் பிரம்பு, இடுப்பில் நோட்டு. பிரம்பால் பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால் வண்டி கிளம்பும். தட்டாவிட்டால் மாகாணத்து கவர்னரே உள்ளே உட்கார்ந்திருந்தாலும் கிளம்பாது.

அவள் விடாப்பிடியாகக் காப்பாற்றிய சட்டம் ஒன்றுதான். எதிரே உள்ள தீவிலிருந்து நாளுக்கு ஒரு படகுதான் வரும். நண்பகல் பஸ் போய்விட்டால் இலோயிலோ நகரத்துக்கு அடுத்த பஸ் மறுநாள் காலையில். அதனால் படகு வராமல் நண்பகல் பஸ் கிளம்பக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒருமுறை நேரம் பார்த்து வண்டியை அனுப்பிவிட்டாள். பத்து நிமிடம் கழித்துப் பிரசவ வலியோடு ஒரு பெண் படகிலிருந்து இறங்கி, நிலையத்துப் பெஞ்சிலேயே பெற்றெடுத்தாள். குழந்தைக்கு லாரிங் என்றே பெயர் வைத்தார்கள். அது நன்றிக்கு வைத்த பெயரா, குத்திக்காட்ட வைத்த பெயரா என்று இவளுக்கு இன்றுவரை தெரியாது.

மகள் ஜெசில் நார்வேயில் பெர்கன் நகரத்தில் முதியோர் இல்லத்து நர்ஸ். போய்ப் பதினொரு வருடம் ஆகிறது, ஒரு தடவைகூட ஊருக்கு வர வாய்க்கவில்லை. அங்கேயே ஐரிக் என்பவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு நகராட்சி அலுவலகத்தில் பதிவு.

"அம்மா, இருபது நிமிஷந்தான் நமக்கு. பதினொண்ணு நாப்பதுக்கு அடுத்த ஜோடி வாசல்ல நிக்கும். இங்க யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டாங்க."

"நான் டைம் கீப்பர்டி. எனக்கு நேரத்தப் பத்திச் சொல்றியா?"

விசா கைக்கு வந்தபோது கல்யாணத்துக்குப் பத்தே நாள் இருந்தது. மனிலாவிலிருந்து போகும் டிக்கெட்டை மகள் வாங்கி அனுப்பிவிட்டாள். புதன்கிழமை காலை ஏழு இருபத்தைந்துக்கு மனிலா, பிறகு வளைகுடாவில் ஒரு விமான மாற்றம், ஆஸ்லோவில் ஒரு மாற்றம், அன்று இரவே பெர்கன். இலோயிலோவிலிருந்து மனிலாவுக்குப் போவதை மட்டும் தாயிடம் விட்டாள். லாரிங் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து, அதே புதன்கிழமை விடியற்காலை விமானத்தில் இடம் போட்டாள். மனிலாவில் இறங்குவது ஐந்தே முக்கால், ஏறுவது ஏழு இருபத்தைந்து. ஒரு மணி நாற்பது நிமிடம் இருக்கிறதே என்று அவளுக்கு ஏகப் பெருமை.

அந்தப் பெருமையைக் கலைத்தது டிரைவர் தோமெங். ஜெட்டாவில் பத்து வருடம் லாரி ஓட்டியவர். நண்பகல் பஸ் அவருடையது. காகிதத்தைப் பார்த்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்த வாழைப்பழத்தைக் கீழே வைத்தார்.

"அக்கா, இது ரெண்டும் தனித்தனி டிக்கெட்டு. இறங்கி, பெட்டி வர்ற வரைக்கும் நின்னு, வேற கட்டடத்துக்கு ஓடி, திரும்பப் பெட்டியப் போடணும். அப்புறம் இமிக்ரேஷன்ல ஆபீசர் உக்காந்திருப்பான். எதுக்குப் போற, யாரு கூப்பிட்டா, எப்பத் திரும்புவேன்னு ஒவ்வொரு பேப்பரா கேப்பான். ஒண்ணே முக்கா மணி நேரத்துல கழிவறைக்குக்கூடப் போக முடியாது."

"லேட்டானா என்ன, மேல போற ஏரோப்ளேன் நிக்காதா? இதுல வர்றவங்கதானே அதுல ஏறணும்?"

தோமெங் அவளையே பார்த்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"யாருக்குக்கா நிக்கும்?"

"படகுக்கு நாம நிக்கல? அங்கயும் ஒரு டைம் கீப்பர் இருப்பான்ல. நம்பர் குடு, நான் முன்னாடியே பேசி வெச்சிடறேன்."

தோமெங் சிரித்த சிரிப்பில் டிக்கெட் கிழிக்கும் வில்மா ஓடி வந்து, விஷயம் தெரிந்து அவளும் சிரித்தாள். "நீங்க இங்கருந்தே விசில் ஊதுங்கக்கா, மனிலாவுல நிறுத்திடுவாங்க" என்றாள். லாரிங்குக்கு முகம் சுண்டிப்போனது. இருபத்திரண்டு வருடம் நேரத்தோடு குப்பை கொட்டியவளுக்கு இது பெரிய அவமானம். பயமும் வந்தது. அந்த விமானம் தவறினால் அடுத்தது மாலையில். அதில் போனால் பெர்கனில் கால் வைக்கும்போது வியாழன் மதியம் தாண்டிவிடும்.

பழைய டிக்கெட் போனால் போகட்டும் என்று, முந்தின நாள் செவ்வாய்க்கிழமை மாலை ஆறே முக்கால் விமானத்துக்கு மாற்றினாள். மனிலாவில் சித்தி மகள் வீட்டில் ராத்தங்கல். பஸ் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே கையிருப்பு நேரத்தை எழுதினாள். தாலிசாய்க்கு எதிரே ஒரு மணி நேரம் என்று இருந்தது. அவள் நோட்டிலேயே மிகக் குறைவான கையிருப்பு அதுதான். தன் நிலையத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

செவ்வாய்க்கிழமை நண்பகல் பஸ்ஸில் முன் இருக்கையில் நல்ல சட்டையோடு உட்கார்ந்தாள். காலடியில் பெட்டி. பிரம்பு அன்று வில்மா கையில். மணி பன்னிரண்டு ஆனது. படகைக் காணவில்லை.

பன்னிரண்டு இருபதுக்கு வில்மா ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். "அக்கா, தட்டிடவா?"

"இன்னிக்கு ஒரு நாள்தானேக்கா. ஒருத்தனும் வாயத் தெறக்க மாட்டான்" என்றார் தோமெங். பின்னால் இருந்தவர்களும் போகலாம் போகலாம் என்றார்கள். ஊர் முழுக்க அவள் கல்யாணத்துக்குப் போவது தெரியும்.

தட்டு என்று சொல்ல லாரிங் வாயைத் திறந்துவிட்டாள். அதை மறைப்பதற்கில்லை. பதினொரு வருடம் பார்க்காத மகள். ஆனால் தட்டு என்று சொன்னால், திரும்பி வந்து இதே இடத்தில் என்ன முகத்தோடு நிற்பாள்?

"நிக்கட்டும்" என்றாள். "ஒரு மணி நேரம் கையில வெச்சிருக்கேன்." சொல்லிவிட்டுக் கைக்குட்டையை முகத்தில் போட்டுக்கொண்டாள். அழுவது யாருக்கும் தெரியக் கூடாது.

பன்னிரண்டு ஐம்பதுக்குப் படகு வந்தது. உயிர் போகிற அவசரக்காரர் ஒருவரும் இல்லை. கருவாட்டு மூட்டையோடு புருஷன் பெண்டாட்டி, பல் பிடுங்கப் போகிற ஒரு ஆள், அவ்வளவுதான். "என்னக்கா, புதுச் சட்டையா?" என்று பல்காரர் வீங்கிய கன்னத்தோடு விசாரித்தார். வில்மா இரண்டு தட்டு தட்டினாள்.

இலோயிலோவுக்கு ஐந்து மணி நேரப் பாதை. தோமெங் பஸ்ஸை விரட்டினார். இலோயிலோ நெருங்கும்போது வண்டியை ஓரங்கட்டி, எழுந்து நின்று ஒன்றுதான் சொன்னார்: "நகரத்துக்குள்ள போகாம நேரா ஏர்போர்ட் போறேன். ஆட்சேபணை உள்ளவங்க இறங்கிக்கலாம்." ஒருவரும் இறங்கவில்லை. நாற்பத்தைந்து பேரும் கருவாட்டு மூட்டைகளுமாக அந்த பஸ் விமான நிலைய வாசலில் போய் நின்றது. பல்காரர் அவள் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கவுன்ட்டர் வாசல் வரை ஓடினார். மூட எட்டு நிமிடம் இருந்தது.

மனிலாவில் ஆபீசர் எல்லாப் பேப்பரையும் கேட்டான். வளைகுடாவில் அவளுக்குத் திசை குழம்பியது. ஆஸ்லோவில் குளிர் எலும்பில் இறங்கியது. புதன் இரவு பதினொன்றரைக்கு பெர்கன் விமான நிலைய வாசல் திறந்தபோது, எதிரே நின்ற பெண்ணைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. பதினொரு வருடத்தில் ஜெசில் குண்டாகியிருந்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஐரிக் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான்.

காரில் போகும்போது லாரிங் படகுக் கதையை மூச்சு விடாமல் சொன்னாள். "எட்டே எட்டு நிமிஷம்டி. தவறியிருந்தா உன் கல்யாணத்த நான் பாத்திருக்க மாட்டேன். விடிஞ்சா பதினொண்ணு இருபதுக்கு..."

"பதினொண்ணு இருபது இல்லம்மா. மூணு மணி." ஜெசில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உனக்கு விசா வந்த அன்னிக்கே போய் மாத்திட்டேன். நாளைக்குக் கடைசி ஜோடி நாங்கதான். எங்களுக்குப் பின்னால யாருமில்ல. நீ வர்ற வரைக்கும் கொஞ்சம் நிக்கச் சொல்லிக் கெஞ்சலாம்னுதான்."

லாரிங்குக்குக் கோபம் தலைக்கேறியது. "அடிப்பாவி! அத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா, நீ மறுநாள் படகுக்கும் நின்னுட்டு வந்திருப்பே."