ஹர்த்தாலுக்குக் காத்திருந்த மைக்

சித்திக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று மட்டும்தான் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவளுக்குக் குரலே இருக்காது என்பதைப் பெரியவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள். அதனால் சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் மைக் மாட்டி, கைக்குழந்தைக்காகச் சித்தியின் பாட்டையும் பேச்சையும் பதிவு செய்யக் கிளம்பியபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழந்தைதான் பக்கத்துத் தொட்டிலிலேயே கிடக்கிறதே, நேராகப் பாடினால் போதாதா?

எங்கள் வீடு ஆரியசாலையில், மொத்த வியாபாரக் கடைகளுக்கு மேலே. விடிந்தால் லாரிகளும் மூட்டை இறக்குபவர்களின் கூப்பாடும்தான். ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை பார்த்த சித்தப்பா பிடித்தால் குரங்குப்பிடி. ஜன்னலில் மெத்தையைச் சாத்தினார். ஃபேனை நிறுத்தினார். இரைகிறது என்று ஃப்ரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கியதில் அம்மாவின் இட்லி மாவு பொங்கி வழிந்து, வீட்டில் பெரிய சண்டை. அப்படியும் ஹார்ன் சத்தம் மைக்கில் ஏறியது. கடைசியில், கட்சிக்காரர்கள் கடையடைத்து வண்டியும் ஓடாமல் செய்கிற ஹர்த்தாலுக்குக் காத்திருப்பது என்று முடிவு செய்தார். நாளைக்கு ஹர்த்தால் என்றால் ஊரே கோழிக்கடைக்கு ஓடும். எங்கள் சித்தப்பா மைக்கைத் துடைத்துவைத்தார்.

ஹர்த்தால் அன்று தெருவில் காக்கை மட்டும்தான் கத்தியது. சித்தி பகல் முழுக்கத் தாலாட்டுப் பாடினாள், கதை சொன்னாள். எல்லாவற்றையும் டி டிரைவில் இன்னொரு காப்பி எடுத்துவைத்துவிட்டு, இனிக் கவலையில்லை என்றார் சித்தப்பா. சில நாளில் கரண்ட் போய் வந்தபோது கம்ப்யூட்டர் டக் டக்கென்று அடித்துக்கொண்டு நின்றுபோனது.

"சியும் டியும் ஒரே டிஸ்க் தன்னே சாரே" என்றார் ரிப்பேர் கடைக்காரர். "ஒரே அலமாரில ரெண்டு தட்டு. அலமாரியே போச்சுன்னா என்ன செய்ய?"

ஆபீஸில் ஊரார் ஃபைலையெல்லாம் பாதுகாக்கிற மனுஷர். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். சித்தப்பா படியிலேயே உட்கார்ந்து அழுதார். பெரியவர்கள் அப்படி அழுவார்கள் என்று எனக்குத் தெரியாது, பயமாக இருந்தது.

புது டிஸ்க் வந்தது. ஆனால் எல்லாக் கட்சிக்காரர்களும் திடீரென்று நல்லபிள்ளைகளாகிவிட்டார்கள், ஹர்த்தாலையே காணோம். ஆபரேஷனோ நெருங்கிக்கொண்டிருந்தது.

சித்திதான் ஒரு நாள் காலையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரல் கம்மிப்போயிருந்தது. "என் தொண்டை கட்சிக்காரனுக்காகக் காத்திருக்குமா? மைக்கை வைங்க."

"கீழ லோடு இறக்குறாங்க."

"இறக்கட்டும். அவ வளரப்போற தெருதானே."

பாட்டுக்கு நடுவே லாரி உறுமியது, யாரோ யாரையோ திட்டினார்கள். சித்தப்பா நிறுத்தப் போகும்போதெல்லாம் சித்தி கையைக் காட்டித் தடுத்துவிட்டுத் தொடர்ந்தாள். அன்றன்றைக்குப் பதிந்ததை அன்றன்றைக்கே சித்தப்பா இரண்டு சிடிகளில் ஏற்றினார். ஒன்று அப்பாவின் கடைப் பெட்டிக்குப் போனது, ஒன்று சித்தப்பாவின் ஆபீஸ் மேசைக்கு. ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்ட பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் சித்தி பாடவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மைக்கைப் பார்த்து அதட்டினாள்.

"ஏட்டி, எந்திரி. ஸ்கூல் பஸ் வந்துரும். தலை பின்ன வா. டிபனை மிச்சம் வச்சுட்டு வந்தேன்னா பார்த்துக்கோ."

குழந்தைக்குப் பல்கூட முளைத்திருக்கவில்லை. அறையில் பள்ளிக்கூடம் போகிற ஆள் நான் ஒருத்திதான். எனக்குக் கோடை லீவு.

"இன்னைக்கு லீவு சித்தி" என்றேன்.

அதுவும் பதிந்துவிட்டது. அழிக்கட்டுமா என்று சித்தப்பா கேட்டார். சித்தி வேண்டாமென்று தலையை ஆட்டி என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு பெரியவர்களுக்கு லீவுகூட நான் சொல்லித்தான் தெரியவேண்டியிருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.