ஹாரன் அக்காவுக்குப் பிடிக்காத தொடர்

பஸ் ஓட்டும் அந்த அம்மாவுக்கு டிப்போவில் வைத்த பெயர் ஹாரன் அக்கா. பஸ்ஸின் ஹாரனை அவள் அதிகம் அடிப்பதில்லை, வாயே போதும். எந்தப் படம் வந்தாலும் முதல் நாளே பார்த்துவிட்டு, மறுநாள் முன் சீட்டில் உட்காருகிறவர்களுக்கு அதைத் தோலுரித்துக் காட்டுவாள். பாராட்டவும் செய்வாள். ஆனால் பாராட்டும்போது குரல் இறங்கிவிடும், யாருக்கும் கேட்காது.

மகன் கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்கு வேறு தாய்மொழி, வேறு மனிதர்கள். அந்தப் பெண் மேல் ஹாரன் அக்காவுக்கு உயிர். அந்த நேரம் பார்த்துத்தான் டிவியில் ஒரு தொடர் வந்தது. மருமகளின் ஆட்களைப் பற்றி எடுத்த முதல் தொடர். இந்த வீட்டிலும் சம்பந்தி வீட்டிலும் விடாமல் பார்த்தார்கள். ஒருநாள் பஸ்ஸில் ஹாரன் அக்கா, "அவங்களை வச்சு ஒரு தொடர் எடுத்திருக்காங்க, சகிக்கல" என்று சொல்லிவிட்டாள்.

பின் சீட்டில் எதிர்வீட்டுக்காரி இருந்தாள். சாயங்காலத்துக்குள் அது கண் காது மூக்கு வைத்து, "உங்க மாமியாருக்கு உங்க ஆளுங்களைக் கண்டாலே ஆகாதாமே" என்று மருமகளிடம் போய்ச் சேர்ந்தது. மருமகள் அன்றைக்குச் சீக்கிரமே சாப்பிட்டாள், அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விஷயம் மகன் மூலமாக ஹாரன் அக்காவுக்குத் தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை கடைசி பாகம் பார்க்க அவ அம்மா வராங்க. நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயேன், வாய் வலிக்குமா?" என்றான் மகன். அவளும் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை தொடர் முடிந்ததும் சம்பந்தியம்மா திரும்பினாள். "எப்படி இருக்கு சம்பந்தி?"

'நல்லா' வரைக்கும் வந்தது. மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு ஒப்புக்குச் சொன்னால், இந்தப் பெண்ணிடம் காலம் முழுக்க ஒப்புக்குத்தான் பேச வேண்டும்.

"நல்லா இல்ல சம்பந்தி."

மகன் தலையில் கைவைத்துக்கொண்டான். சம்பந்தியம்மாவின் முகம் இறுகியது. "எங்க ஆளுங்க கதைங்கறதாலயா?"

"உங்க ஆளுங்களா அவங்க? அழறாங்க, மன்னிக்கிறாங்க, மறுபடியும் அழறாங்க. ஒரு சண்டை உண்டா, ஒரு குசும்பு உண்டா? சீட்டாட்டத்துல நீங்க என்னை எத்தனை தடவை ஏமாத்தியிருக்கீங்க! அப்படி ஒருத்தியைக் காட்டியிருந்தா கைதட்டியிருப்பேன். எங்க ஆளுங்களை இப்படி உப்புச்சப்பில்லாம எடுத்தாலும் திட்டத்தான் செய்வேன். உங்களைப் பத்தி முதல் தடவையா எடுக்கறாங்க, உருப்படியா எடுக்க வேணாமா?"

சம்பந்தியம்மாவின் தோள் குலுங்கியது.

"நான் ஏமாத்தினது தெரியுமா உங்களுக்கு?" என்று சிரிப்புக்கு நடுவே கேட்டாள். "உங்களுக்குப் பிடிச்சிருக்கும்னு நினைச்சு நானும் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன். தொடர்ல வர்ற அந்தம்மா எந்நேரமும் ஜன்னல்கிட்ட நின்னு அழுதுட்டே இருந்தா, வீட்டுல சமையல் யார் பண்றது?"

அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தத் தொடரைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். மருமகளும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்தை, நானும் ஒண்ணு சொல்லவா?" என்றாள். "நீங்க போடற காபி கழனித்தண்ணி மாதிரி இருக்கு. வந்த நாள்லேர்ந்து உங்களுக்குத் தெரியாம கொட்டிட்டு இருக்கேன்."

ஹாரன் அக்காவுக்கு அந்தப் பெண் அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது போலிருந்தது.

"நாளைலேர்ந்து நீயே போடு," என்றாள். "அதுக்கும் நான் குறை சொல்லுவேன்."