விளக்கைப் படமெடுக்கப் போன மாலை

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாலையில், மணப்பட்டுக் கடலில் நடந்தது இது. வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான், புதுச்சேரி கலங்கரை விளக்கத்தின் கதையை எழுதிக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுக்காரர் காலத்து விளக்கு அணைந்ததும் புதியது எழுந்ததும் புத்தகங்களில் கிடைத்தன. கடலிலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும் என்று மட்டும் எதிலும் இல்லை.

பாகூரில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் நண்பரிடம் கேட்டேன். அன்று இரவு அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். இருந்தும், "நீங்க கேட்டு முடியாதுன்னு சொல்வேனா சார்? இருட்டறதுக்குள்ள வந்துடலாம்" என்று தன் ஃபைபர் படகில் ஏற்றிக்கொண்டார்.

என் போன் பழையது. அவருடையதை வாங்கி, பழைய கப்பல்களைப் பற்றிப் பேசியபடியே வீடியோவாக எடுத்துத் தள்ளினேன். விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று பிடிவாதமும் பிடித்தேன்.

"வூட்ல காத்துனு இருப்பாங்க சார்" என்றவர், என் ஆசையைப் பார்த்துப் படகைத் திருப்பாமல் விட்டார்.

சார்ஜ் தீர்ந்து போன் என் கையிலேயே அணைந்தது. சொல்லாமல் அவர் பையில் வைத்துவிட்டேன்.

சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கரை மறைந்தது. வழி பார்க்கவும் வீட்டுக்குத் தகவல் சொல்லவும் அவர் போனை எடுத்தார். அது செத்துக் கிடந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். கடலுக்கு அவர் பயப்படவில்லை.

"வந்தவங்க எழுந்து போயிட்டா, பொண்ணு மேலதான் சார் பேச்சு வரும்" என்றார்.

மழை மெலிந்தபோது வடக்கே ஓர் ஒளி சுழன்று போயிற்று.

"அதோ உங்க ஆளு! அவரை வலக்கைப் பக்கம் வெச்சினு போனா நம்ம ஊரு."

கரையில் பெண் பார்க்க வந்தவர்களும் குடையோடு நின்றிருந்தார்கள். படகு மணலைத் தொட்டதும் அவர் மனைவி பிடித்துக்கொண்டார்.

"இன்னாய்யா, புத்தி கீதா உனக்கு? இன்னிக்குப் போய் சார்ஜ்கூடப் போடாம கடலுக்குப் போவியா?"

"மறந்துட்டேன்டி."

அவர் தலைகுனிந்து நின்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. "பாத்து சார், வழுக்கும்" என்று என்னை மட்டும் எல்லோரும் மரியாதையாக இறக்கினார்கள்.

மாப்பிள்ளையின் அப்பாதான் சிரித்தார். "நாங்களும் கடல்காரங்கதாம்மா. ஆளு வந்துட்டாரில்ல, உடு. பஜ்ஜி ஆறுது, வா."

சம்பந்தம் நல்லபடியாக முடிந்தது. பத்திரிகை வைக்க அவர் வந்த அன்றுதான் எனக்கு உண்மையைச் சொல்லத் துணிவு வந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தெரியும் சார். போன் உங்க கையிலதானே இருந்திச்சி? சம்பந்திக்காரங்க எதிர்ல உங்களைத் திட்டு வாங்க வுட முடியுமா? எனக்கு அது பழகிப்போச்சி."

கல்யாணத்தில் அவர் மனைவி, இரண்டாவது முறையும் பாயசம் ஊற்றியபடி, "அடுத்த தபா உங்க சார்ஜரையும் எடுத்துனு வாங்க சார்" என்றார். பந்தியே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனாலும், என் தவறுக்காக ஒரு மனிதர் தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன் தலைகுனிந்து நின்றது கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இப்போதெல்லாம் எந்தத் தவறு செய்தாலும், 'நான்தான்' என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.