ஏறுமுன் “எந்தக் கொம்பனி?” என்று கேட்டவர்

நியூ ஜெர்சியின் எடிசன் ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது குலசிங்கத்தின் மனைவி அழைத்தார். “தம்பி, அவர் காலமை போயிட்டார். நித்திரையிலை,” என்றார். ரயில் வந்தது, நான் ஏறவில்லை. பதினோரு ஆண்டுகளாக அவர்மேல் எனக்கொரு கோபம் உண்டு. அதை அவரிடம் சொல்லித் தீர்க்க இனி வழியில்லை என்பதுதான் முதலில் தோன்றியது. இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரை அறிந்த நீங்கள் இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பனிச்சறுக்கு மலைகளின் லிஃப்ட் கோபுரங்களைச் சோதிக்கும் சிறிய நிறுவனமொன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம்; அவர் எனக்கு மேலதிகாரி. ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து மலைமேல் இழுத்துச் செல்லும் வடத்தைத் தாங்குபவை அந்தக் கோபுரங்கள். எங்களிடம் அதிகம் வந்தவை இரண்டு கம்பெனிகளுடையவை. பழைய கம்பெனிக்கு மூத்தவன், புதியதற்கு இளையவன் என்று குலசிங்கம் பெயர் வைத்திருந்தார். மூத்தவனின் அடித்தகடு சிமெண்டுச் சாந்தின்மேல் முழுக்கப் படிந்திருக்கும். இளையவன் தகட்டுக்கு அடியில் நட்டுகளை வைத்து இரண்டு விரல் இடைவெளி விடுவான். கோபுரம் சாய்ந்தால் திருகி நிமிர்த்தலாம். உச்சியிலும் வேறுபாடு உண்டு. இளையவனின் ஏணி, கம்பி சூழ்ந்த மேடைக்குள் கொண்டுபோய் விடும். மூத்தவனுடையது வடத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்குக் கீழேயே முடிந்துவிடும். அங்கிருந்து வலது காலைக் காற்றில் நீட்டி, எட்டி, சட்டத்தின்மேல் வைக்க வேண்டும். அந்த ஓர் அடியை நினைத்தால் எனக்குக் காலையில் எதுவும் தொண்டையில் இறங்காது.

முதல் படியில் கால் வைக்கும் முன் அவர் “எந்தக் கொம்பனி?” என்று கேட்பார். வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். “பேரைச் சொல்லிப்போட்டு ஏறும். மேல போய் நிண்டு யோசிக்க ஏலாது,” என்பார். அவரைவிட ஒரு பட்டம் அதிகம் படித்தவன் நான். எனக்கு அது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது.

நியூ ஜெர்சியின் வடக்கே ஒரு சிறிய மலை. சனிக்கிழமை லிஃப்ட் திறப்பு. புதன்கிழமை நான் தனியாகச் சோதிக்கப் போனேன். அங்கிருந்த பன்னிரண்டு கோபுரங்களும் இளையவனுடையவை என்றார்கள் மலையை நடத்துபவர்கள். பன்னிரண்டுக்கும் ஒரே பச்சை வண்ணம். எட்டு ஏறி இறங்கியபோது மூடுபனி இறங்கிவிட்டது. ஒன்பதாவதன் உச்சி தெரியவில்லை. ஏணி பாதியில் வெண்மைக்குள் போய் மறைந்திருந்தது. ஏழெட்டுப் படி ஏறினேன். கைகள் கம்பியை விட மறுத்தன. இறங்கினேன். அடித்தகட்டின் கீழே மற்றவற்றில் இருந்ததுபோலவே இரண்டு விரல் இடைவெளி. “ஏறிச் சோதித்தேன், சரி” என்று எழுதினேன்.

ஒவ்வொரு லிஃப்டிலும் ஏதாவது ஒரு கோபுரத்தை மறுநாள் தானே ஏறிப் பார்ப்பது குலசிங்கத்தின் வழக்கம். வியாழக்கிழமை மாலை என் மேசைக்கு வந்தார். ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“ஒன்பதிலை ஏறினனீரோ?”

“ஏறினேன் சார்.”

“மேல போய்க் காலை எங்கை வைச்சனீர்?”

“எங்க வைக்கிறது? நேரா மேடைதானே. ரெயிலிங்குக்குள்ள போயிட்டேன்.”

அவர் என் படிவத்தை மேசைமேல் வைத்தார். “அதிலை மேடை இல்லை. அவன் மூத்தவன்.”

எப்போதோ ஒன்பதாவது பழுதாகி, வேறொரு மலையில் கழித்துவிட்ட மூத்தவன் கோபுரத்தைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். இளையவனின் கீழே இருக்க வேண்டிய இடைவெளி மூத்தவனின் கீழே இருந்தால், சாந்து கரைந்து போய்விட்டது என்று பொருள். இரண்டு போல்ட்டுகள் ஏற்கெனவே வளைந்திருந்தன. “சனிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளையள் வருகினம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு மலைக்கு ஃபோன் செய்தார். லிஃப்ட் திறக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை காரை ஓட்டிக்கொண்டு அங்கே போனேன். ஆளில்லாத நாற்காலிகள் வடத்தில் ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்த்தது என் மனம். இன்றும் பார்க்கிறது.

அறிக்கையில் என் பெயரைப் போட்டே எழுதினார். எனக்கு வரவேண்டிய பதவி என்னைவிட இளைய ஒருவனுக்குப் போயிற்று. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். இந்த வரியை எழுதும்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பழுது பார்த்தபின் என்னை அதே ஒன்பதாவதில் ஏற்றினார். முன்னால் அவர் ஏறினார். ஏணி முடியும் இடத்தில், என் முகத்துக்கு மேலே அவருடைய முழங்கால் நடுங்குவதைக் கண்டேன்.

“சார், உங்களுக்குமா?”

“ஒவ்வொரு முறையும். நீர் பயந்தது பிழையில்லை. பயமாக் கிடக்கு, ஏறேல்லை எண்டு எழுதியிருந்தா நான் ஏறியிருப்பன். அதுக்குத்தானே ரெண்டு பேர்.”

பிறகு காலைக் காற்றில் நீட்டினார்.

இறுதிச் சடங்கு நடந்த மண்டபத்தில், அவருக்குக் கீழே வேலை பார்த்த சென்னைப் பையன் ஒருவன் என்னிடம் சொன்னான்: “அங்கிளுக்கு பயம்னா என்னன்னே தெரியாது.” பக்கத்தில் இருந்த அவர் மனைவி இல்லையெனத் தலையை ஆட்டினார். “மலைக்கு வெளிக்கிடுற நாளிலை தேத்தண்ணிக் கோப்பையை ரெண்டு கையாலையும் பிடிப்பார் தம்பி. இல்லாட்டி ஊத்துப்படும்.” பையன் என்னைப் பார்த்தான். அவரோடு அதிகம் ஏறியவன் நான்தான். அந்தக் கோப்பையைப் பற்றி எனக்குத் தெரியாது.

அவரை மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் அதுவும் ஏறாமலே “ஏறினேன்” என்று எழுதியதாகிவிடும். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது கேள்வி ஒன்றும் நடுக்கம் ஒன்றும்தான். வரும் திங்கட்கிழமை எனக்குப் பதினான்கு கோபுரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் நின்று, கேட்க யாருமில்லாவிட்டாலும், “எந்தக் கொம்பனி?” என்று அவர் கேட்டதுபோலவே கேட்பேன். பதிலையும் நானே வாய்விட்டுச் சொல்வேன். ஏற முடியாத கோபுரம் இருந்தால், ஏறவில்லை என்று எழுதுவேன். எனக்குப் பதிலாக ஏற இனி அவர் இல்லை.