மூட்டைப்பூச்சிக்குப் பத்து மதிப்பெண்

ஒரு பெண்ணைப் பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு முறை தோற்கடித்தவன் நான். அவளுக்கு அது தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டவனும் நானே.

இத்தனை காலம் கழித்து இதை ஏன் எங்களிடம் சொல்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான வினா. விடைதான் என்னிடம் இல்லை… வினாத்தாளைப் பார்த்துக்கொண்டே மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருக்கும் பையன்களை நான் நிறையத் திட்டியிருக்கிறேன். இப்போது அந்தப் பெஞ்சில் நான்.

போடிநாயக்கனூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தினேன். கூடவே புவியியலும். இரண்டும் சேர்ந்து ஒரே தாள். எழுபதுகளின் நடுப்பகுதி. அப்போது பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. அந்த வகுப்பின் சன்னல் வழியே குரங்கணி மலை முழுசாகத் தெரியும். பாதி வகுப்பு அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். குற்றம் சொல்ல மாட்டேன். பானிப்பட்டுப் போர்களைவிட அந்த மலை பார்க்க நன்றாகவே இருந்தது.

அவர்களுடைய முகத்தை உள்பக்கம் திருப்ப என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் வேடிக்கைப் பேச்சு. அதில் எனக்குப் பெரிய பெயர். "உங்க வகுப்புல சரித்திரம் நடக்குதா, சர்க்கஸ் நடக்குதா?" என்று பக்கத்து வகுப்புக் கணக்கு ஆசிரியர் கேட்பார். நான் அதைப் பாராட்டுப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்வேன். நிறையப் படித்தவன், நகைச்சுவை அறிந்தவன், காலக்கொடுமையால் இந்த ஊரில் மாட்டிக்கொண்டவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு பாடம் மனப்பாடமாக இருந்தது. எந்நேரம் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

அந்த வகுப்பில் முத்துப்பேச்சி என்றொரு மாணவி. போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்கிறவரின் மகள். எட்டு வரை மேலேயே படித்துவிட்டு, சித்தி வீட்டில் தங்கி எங்கள் பள்ளிக்கு வந்தவள். தோட்டத்து மேனேஜர் அவளுடைய அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். பெண் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டால், தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் அவளையே டீச்சராகப் போட்டுவிடலாம் என்று.

தேறினால் நாற்காலி. தேறாவிட்டால் அம்மா மாதிரி மழையில் குனிந்து, காலில் அட்டை கடிக்கக் காய் எடுக்க வேண்டும். அவளுக்கு முன்னால் இருந்தது இந்த இரண்டுதான். வகுப்பில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்… நன்றாகவே தெரியும்.

அவள் சிரிக்க மாட்டாள். நான் சொல்வதை எல்லாம் எழுதிக்கொள்வாள். வகுப்பே மேசையைத் தட்டிக்கொண்டு சிரிக்கும்போது, தலை நிமிராமல் அவள் பேனா ஓடிக்கொண்டிருக்கும். சொன்னால் நம்புவீர்களா? அது எனக்கு அவமானமாக இருந்தது. இந்த ஒருத்தியைச் சிரிக்க வைக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். நடுவயது ஆசிரியன் ஒருவனுக்கு வாழ்க்கையில் இருந்த இலட்சியம் அது!

டில்லியிலிருந்து தேவகிரிக்குத் தலைநகரை மாற்றிய சுல்தானின் பாடம் வந்தது. நாட்டின் நடுவே தலைநகர் இருக்க வேண்டும், வடக்கிலிருந்து படையெடுப்பு அச்சம் என்று புத்தகம் காரணம் சொல்கிறது. நான் புத்தகத்தை மூடினேன்.

"அதெல்லாம் வெளிய சொல்லிக்கிட்ட காரணம். உண்மை என்ன தெரியுமா? அரண்மனைக் கட்டில்ல மூட்டைப்பூச்சி. சுல்தானுக்கு ராத்திரி தூக்கம் இல்லை. பூச்சியை ஒழிக்க முடியலை, ஊரையே ஒழிச்சுட்டாரு. சரி, அப்புறம் ஏன் டில்லிக்கே திரும்பினாரு? அம்புட்டு சனமும் பாயும் தலைகாணியுமால்ல நடந்துச்சு… பூச்சியும் கூடவே தேவகிரி போய்ச் சேர்ந்துருச்சு. அதோட வம்சம்தான் இப்ப நம்ம ஊரு சினிமாக் கொட்டகை நாற்காலியில இருக்குது."

வகுப்பு வெடித்தது. முத்துப்பேச்சி எழுதினாள்.

நான் பார்த்தேன். இது சும்மா வேடிக்கைக்குச் சொன்னது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் வேடிக்கையை விளக்கினால் அது செத்துவிடும் என்பது என் கொள்கை. அது சாகக் கூடாது என்று கவனமாக இருந்தேன். எதைக் காப்பாற்றினேன் பாருங்கள்!

மணி அடித்ததும் அவள் மேசை அருகே வந்து நின்றாள். முகத்தில் அதுவரை நான் காணாத ஒரு வெளிச்சம்.

"நெசந்தான் சார். நாங்களும் மூட்டைக்குப் பயந்துதான் பழைய லயத்த விட்டுட்டு அடுத்த லயத்துக்கு மாறுனோம். பாயிலேயே ஒட்டிக்கிட்டு அதுவும் வந்துருச்சு. சுல்தானுக்கும் அப்படித்தான ஆகியிருக்கும்?"

அந்த ஆண்டு முழுவதும் நான் நடத்திய வரலாற்றில் அவளுக்குச் சொந்தமாகப் புரிந்தது அது ஒன்றுதான். மலையில் லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவள். அங்கே மேலே இருக்கிறவர்கள் கீழே இருக்கிறவர்களிடம் வேடிக்கை பேசுவதில்லை. வாய் திறந்தால் உத்தரவு. ஆசிரியர் விளையாட்டாகப் பொய் சொல்வார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"அப்படியா… சரி, போ" என்றேன்.

அரையாண்டுத் தேர்வில் அந்த வினாவைக் கேட்டேன். அவள் விடைத்தாளைத் திருத்த எடுத்தபோது ஆசிரியர் அறையில் தேநீர் வந்திருந்தது. 'சுல்தான் தலைநகரை மாற்றியதற்கு முக்கியக் காரணம் மூட்டைப்பூச்சித் தொல்லையே ஆகும்' என்று தொடங்கியிருந்தாள். பக்கத் தலைப்புகள்: பூச்சிகளின் பெருக்கம், மக்களின் துயரம், சுல்தான் திரும்பியதன் காரணங்கள், முடிவுரை. முத்து முத்தான கையெழுத்து. தலைப்புகளின் கீழே அளவுகோல் வைத்துக் கோடு.

நான் அதை உரக்கப் படித்தேன். ஆமாம், எழுந்து நின்று, ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். கணக்கு ஆசிரியருக்குத் தேநீர் புரையேறியது.

"முழு மார்க்கும் போடுங்கய்யா. முடிவுரையோட எழுதியிருக்கு அந்தப் புள்ள."

அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று சிவப்பு மையில் பத்துக்குப் பத்து போட்டேன். பக்கத்தில் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மறுநாள் தாளைக் கொடுத்தபோது அவள் அதை ஒரு முறை பார்த்தாள். நான்காக மடித்துப் பையின் அடியில் வைத்துக்கொண்டாள்.

பொதுத் தேர்வு வந்தது. வரலாற்றுத் தாள் அன்று நான் பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். முத்துப்பேச்சி ஓடிவந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"சார், சுல்தான் வந்துட்டாரு சார். நீங்க சொன்ன மாதிரியே எழுதிட்டேன், ஒண்ணுவிடாம."

எங்கோ ஓர் ஊரில், என்னை அறியாத ஓர் ஆசிரியர், அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பதைக் கண்ணால் கண்டேன். "நல்லது" என்றேன்.

மற்ற எல்லாத் தாளிலும் தேறியிருந்தாள். வரலாறு-புவியியலில் முப்பத்தொன்று. முப்பத்தைந்து வேண்டும்.

சித்தியோடு வந்து நின்றாள். அழவில்லை.

"எல்லாக் கேள்விக்கும் எழுதுனேன் சார். எங்க போச்சுன்னுதான் தெரியலை."

நான் யோசிக்கக்கூட இல்லை. நாக்கு தானாகப் புரண்டது. "வரைபடத்துல கோட்டை விட்டிருப்ப. ஆறெல்லாம் எடம் மாறியிருக்கும்."

இதுதான், ஐயா, நான் சொல்ல வந்தது. வேடிக்கை பேசியது மடமை. மதிப்பெண் போட்டது திமிர். அவற்றை மன்னிக்க யாராவது கிடைக்கலாம். ஆனால் இந்த வரைபடம்…? இது தெரிந்தே செய்தது.

அக்டோபரில் மறுபடி எழுத முடிவு செய்தாள். மேனேஜரும் அதுவரை பொறுத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். ஒருநாள் கடைத்தெருவில் சித்தியைப் பார்த்தேன்.

"எந்நேரமும் இந்தியாவத்தான் சார் வரையுறா. அடுப்படிச் செவுரு பூராக் கரிக்கட்டையில இந்தியா. சோத்த வடிடின்னா, இருங்க சித்தி, கோதாவரி இன்னும் கடலுக்குப் போகலைங்கிறா."

நான் சிரித்தேன். சித்தியும் சிரித்தாள். நல்ல வேடிக்கைதானே?

தேர்வுக்கு முந்திய வாரம் முத்துப்பேச்சி என்னைத் தேடி வந்தாள். வரைபடத்தைக் காட்டினாள். ஆறுகள் எல்லாம் அதனதன் இடத்தில் ஓடின. பிறகு கேட்டாள்:

"சரித்திரத்துல எதையாச்சும் மாத்தி எழுதணுமா சார்?"

நேரான கேள்வி. இதைவிடத் திறந்த கதவு ஒருவனுக்கு எப்போது கிடைக்கும்? ஒரு மணி நேரம் உட்கார்ந்து என் வேடிக்கைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்திருக்கலாம். ஆனால் சுல்தான் பொய் என்றால், மற்றவற்றில் எது மெய் என்று கேட்பாளே? ஓராண்டு முழுக்க என்னென்ன உளறினேன் என்று எனக்கே நினைவில்லை. அதுவும் போகட்டும். அப்புறம் ஏன் சார் பத்து மார்க்கு போட்டீங்க என்று கேட்டுவிட்டால்? உன்னை வைத்து ஓர் அறையே சிரித்தது, அம்மா, அதற்காகத்தான் என்று சொல்வதா?

"வேண்டாம். படிச்சதையே திருப்பிப் படி" என்றேன்.

அவள் படித்ததையே திருப்பிப் படித்தாள். திருப்பித் தோற்றாள். இந்த முறை என்ன கேட்டிருந்தார்கள், என்ன எழுதினாள் என்று நான் விசாரிக்கவில்லை.

அவளை அழைத்துப்போக அப்பா மலையிலிருந்து இறங்கி வந்தார். பள்ளிக்கும் வந்தார். வெயிலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க வீட்டுக்குப் படிப்பு ஏறாதுங்க சார். நீங்க என்ன செய்வீங்க, பாவம். முடிஞ்ச மட்டும் சொல்லிக் குடுத்தீங்க. ஜீப்பு கெளம்பப் போகுது, வெரசாப் போகணும். அங்கிட்டும் காய் எடுக்குற சோலி கெடக்கு."

போகும்போது தாளில் பொதிந்த ஏலக்காய் கொஞ்சம் என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன். அந்த வாரம் வீட்டில் பாயசம். மணம் பிரமாதமாக இருந்தது.

தோட்டத்துப் பள்ளிக்கு வேறு யாரையோ போட்டார்கள்.

அதன் பிறகு வகுப்பில் வேடிக்கை பேசுவதை நிறுத்திவிட்டேன். திருந்திவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். பயம். பிள்ளைகள் முழு வகுப்பாக மலையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

எண்பதுகளின் நடுவில், பத்தாம் வகுப்பில் ஈசுவரி என்றொரு பெண். சுல்தான் பாடத்தைப் புத்தகத்தில் உள்ளபடி, வறட்டுச் சாணி போல நடத்தி முடித்துத் தேர்வு வைத்தேன். அவள் தாளில் மூட்டைப்பூச்சி! பக்கத் தலைப்புகளோடு. முடிவுரையோடு.

தனியாகக் கூப்பிட்டேன். "இதை யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்கக்கா சார். நீங்கதான் அதுக்குச் சொல்லிக் குடுத்தீங்களாம். பத்துக்குப் பத்து போட்டீங்களாம்."

அக்காவின் பெயரை நான் கேட்கவில்லை. ஜீப் டிரைவர் ஒருவருக்கு வாக்கப்பட்டு முத்துப்பேச்சி போடிக்கே வந்துவிட்டாள் என்பதும், தங்கையைத் தன்னோடு வைத்துப் படிக்க வைக்கிறாள் என்பதும் ஈசுவரி சொல்லித்தான் தெரிந்தது. கடவுளோ, கல்வித் துறையோ, யாரோ எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள்.

"அது பழைய பாடத்திட்டம். இப்ப மாத்திட்டாங்க. நீ புத்தகத்துல உள்ளத எழுது" என்றேன்.

"சரி சார்."

ஈசுவரி தேறிவிட்டாள். இதில் என் புண்ணியம் எதுவும் இல்லை.

சில மாதம் கழித்து, என் மகள் திருமணத்துக்கு ஏலக்காய் வாங்க ஒரு கடைக்குப் போனேன். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மடியில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். முன்நெற்றியில் நரை. அந்த வயதுக்கு அது அதிகம்.

"வாங்க சார். நல்லாருக்கீங்களா? இப்பப் பாடமெல்லாம் மாறிப்போச்சாம்ல. ஈசு சொன்னா. நாங்க படிச்சதெல்லாம் பழசு."

நான் தலையை ஆட்டினேன்.

அவள் மற்றப் பெண்களிடம் திரும்பினாள். "சொன்னேன்ல, சுல்தான் பாடம். இந்தச் சார்தான் நடத்துனாரு."

அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அரண்மனைக் கட்டில், பாயோடு நடந்த சனம், திரும்பி வந்த கதை. காய் பொறுக்கிக்கொண்டே அவள் பாடம் நடத்தியிருக்கிறாள். மலைமேல் கிடைக்காத வகுப்பு இங்கே கிடைத்திருந்தது. அதில் நடத்த அவளிடம் என் பாடம்தான் இருந்தது. முப்பது ஆண்டு நான் கத்திய கத்தலில் இந்த ஊரில் வேர் பிடித்திருப்பது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஓரத்தில் இருந்த வயதான பெண் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "ஏன் சாமி, அந்த ராசா மருந்து கிருந்து அடிச்சுப் பாக்கலையாக்கும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முத்துப்பேச்சியும் பார்த்தாள், அதே வெளிச்சத்தோடு.

"அந்தக் காலத்துல மருந்து ஏது…" என்றேன்.

"அதானே" என்றாள் கிழவி. "பாவம், எம்புட்டுச் சனம் நடந்து செத்துச்சோ."

யாராவது ஒருத்தி சிரித்துவிட மாட்டாளா என்று காத்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒருத்தி… உதட்டோரம் லேசாக அசைந்தால் போதும். நானும் சிரித்து, அப்படியே சொல்லித் தொலைத்திருப்பேன்.

முத்துப்பேச்சி உட்கார்ந்து முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சொத்தைக் காய்களைத் தள்ளி, நல்ல காய்களை என் பொட்டலத்துக்கென்று பொறுக்கத் தொடங்கினாள்.