என் வீட்டுக்காரர் சந்தேகப்படாத சென்சார்

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரருக்குச் 'சந்தேகம்' என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் "சந்தேகம் கடை எங்கே?" என்று கேட்டால் எல்லாரும் எங்கள் ஒர்க்‌ஷாப்பைத்தான் கைகாட்டுவார்கள். மனிதர் அப்படி. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். சுவர்க் கடிகாரம் பத்து என்றால் என் கைக்கடிகாரத்தையும் ஒரு வார்த்தை கேட்பார். தான் முடுக்கிய நட்டையே மறுநாள் காலையில் வந்து, எவனோ முடுக்கியது போல மறுபடி முடுக்கிப் பார்ப்பார். இவரோடு பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். எனக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாம்.

வேலை என்று வந்தால் சும்மா சொல்லக்கூடாது. எந்த வண்டி வந்தாலும் இல்லாத வியாதியைச் சொல்லமாட்டார், இருக்கிற வியாதியை விடமாட்டார். பின்பக்கம் என்ஜின்கள் அவர் பாடு. முன்பக்கம் கவுன்டர், போன், சாமான் வரவழைப்பது எல்லாம் என் பாடு. ஒரு பெல்ட் வேண்டும் என்பார். எங்கே வாங்குவது, யாரிடம் வாங்குவது என்பதெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். நான் வாங்கி வைத்த பெட்டியைப் பிரித்து மாட்டிவிடுவார். அதில் மட்டும் கேள்வியே கேட்கமாட்டார்.

அந்த ஒன்றில்தான் எங்கள் குடி முழுகப் பார்த்தது.

என் நாத்தனார், அதாவது இவருடைய தங்கை, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். ஒண்டி ஆள். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். பதினாறு பிள்ளைகளைக் காலையில் ஏற்றி, சாயங்காலம் இறக்குகிறாள். எந்தப் பிள்ளைக்குப் பல் ஆடுகிறது, எவன் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அந்தப் பதினாறு பேர் கதைதான் நடக்கும்.

ஒரு சனிக்கிழமை வேனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த விளக்கு எரிந்தால் புகைப் பரிசோதனையில் தேறாது. பழைய தேர்ச்சிச் சீட்டின் தேதியும் முடிந்துவிட்டது. விடுமுறை முடிந்து வியாழக்கிழமை பள்ளி திறக்கிறார்கள். அன்று காலைக்கு மட்டும் வேறொரு வேனை ஏற்பாடு செய்திருப்பதாகவும், சாயங்காலம் பள்ளி விடுவதற்குள் இவள் புதுச் சீட்டோடு வந்து நிற்காவிட்டால் வருஷம் முழுக்க இந்தச் சவாரியை அந்த வேனுக்கே கொடுத்துவிடப் போவதாகவும் பள்ளி அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்களாம். வழக்கமாகப் படபடவென்று பேசுகிறவள், இதைச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து வேன் சாவியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

இவர் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். 'லீன்' என்று பிழைக்குறி வந்தது. என்ஜினுக்குள் காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் போகிறது என்று அர்த்தம். அவ்வளவுதான், மனிதருக்குக் கொண்டாட்டம். எங்கோ ஒரு ஓட்டை வழியாகக் களவாகக் காற்று புகுகிறது என்று ஆரம்பித்தார். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தார். உள்ளே புகை விட்டு எங்கே கசிகிறது என்று டார்ச்சோடு தவம் கிடந்தார். எங்கேயும் கசியவில்லை. பிறகு பெட்ரோல் பம்ப் மேல் சந்தேகம். அழுத்தத்தை அளந்தார், சரியாக இருந்தது. அளந்த கருவியின் மேல் சந்தேகம் வந்து, பக்கத்துக் கடைக் கருவியை இரவல் வாங்கி அதிலும் அளந்தார். ஞாயிறு போயிற்று. திங்கட்கிழமையும் போய்க்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் நான் டீ கொண்டுபோனபோது தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தார். ஓட்டை இருந்தால் வண்டி சும்மா நின்று ஓடும்போதுதான் பெட்ரோல் கணக்கு அதிகமாக இடிக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சரியாக வேண்டும், இங்கே எல்லாம் தலைகீழாக அல்லவா இருக்கிறது என்று டீயைப் பார்த்துச் சொன்னார்.

பத்தொன்பது வருஷம் கவுன்டரில் உட்கார்ந்தவளுக்கு இது கூடவா புரியாது? ஓட்டை இல்லை, பம்ப்பும் சரி என்றால், காற்றை அளக்கிற ஆள்தான் பொய் சொல்கிறான். அந்த ஆளின் பெயர் ஏர்ஃப்ளோ சென்சார். இந்த வேனில் நாலு மாதத்துக்கு முன்னால் மாற்றியது. வாங்கிக் கொடுத்தது சாட்சாத் நான்.

அப்போது கம்பெனி சென்சார் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை வேன் நின்றால் நாத்தனார் என்ன செய்வாள் என்று, சப்ளையர் சத்தியம் பண்ணிக் கொடுத்த ஒரு லோக்கல் சாமானை வாங்கிவிட்டேன். இவரிடம் மூச்சு விடவில்லை. இவரும் கேட்கவில்லை. இப்போது சொன்னால் என் லட்சணம் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் வியாழக்கிழமை அவள் பிழைப்பு போய்விடும். தொலையட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"என்னங்க, அந்த ஏர்ஃப்ளோ சென்சார் கம்பெனி சாமான் இல்லைங்க. லோக்கல்."

டீயை ஒரு மடக்கு குடித்தார்.

"தெரியும். பெட்டியைப் பாத்தேனே."

"தெரிஞ்சுமா மூணு நாளா குழாயைத் தடவிக்கிட்டு இருந்தீங்க?"

"நீ பாத்து வாங்கினது. அதுல போய் என்னத்தச் சந்தேகப்படுறது?"

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. ஊரில் இருக்கிற அத்தனையையும் சந்தேகப்படுகிற மனிதர், என்னை மட்டும் இப்படி நம்பித் தொலைத்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? என்னையும் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாமே என்று அவரையே நன்றாகத் திட்டிவிட்டு முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் எழுந்து போய் அந்தச் சென்சாரின் வயர் இணைப்பைப் பிடுங்கிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அளக்கிற ஆள் இல்லாவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் தன் சொந்த மனக்கணக்கில் பெட்ரோலை ஊற்றும். அந்த மனக்கணக்கிலேயே என்ஜின் இதைவிட ஒழுங்காக ஓடியது. நான் வாங்கிய மகராசன் ஐந்து வாளி காற்று போனால் நாலு என்று சொல்லியிருக்கிறான். கம்ப்யூட்டர் அதை நம்பி, நாலு வாளிக்கு மட்டும் பெட்ரோல் கொடுத்து வந்திருக்கிறது. வண்டி வேகமாகப் போகப் போகப் பொய்யும் கூடியிருக்கிறது.

நோய் தெரிந்துவிட்டது, மருந்துக்கு எங்கே போவது? கம்பெனிச் சாமான் இப்போதும் ஒரு மாதம்தான். இந்த லோக்கலைவிடப் பழைய சென்சாரே மேலாயிருக்கும், அது எங்கே என்று கேட்டேன்; தங்கையிடம் கொடுத்திருப்பேன் என்றார். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய சாமானைப் பையில் போட்டு வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுவோம், நிஜமாகவே மாற்றினோம் என்று தெரியட்டுமே என்று. உடனே நாத்தனாருக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகக் காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"அண்ணி, அண்ணன் பையைக் கொடுக்கல. வேன் டாஷ்போர்டு பெட்டியிலயே வெச்சுட்டேன்னு சொல்லிச்சு."

ஆக, வேண்டிய சாமானை வயிற்றில் வைத்துக்கொண்டே அந்த வேன் மூன்று நாளாக எங்கள் கூரைக்குக் கீழே நின்றிருக்கிறது. உள்ளே வைத்தவரே அதைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். திறந்து பார்த்தால் டிஷ்யூ பேப்பர், ஒரு குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ், பென்சில் சீவல், அதற்கடியில் பை.

இவர் சென்சாரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே முடி போன்ற இரண்டு கம்பிகளின் மேல் தூசி அப்பியிருந்தது. அதற்கான ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து அடித்து, கை படாமல் காயவைத்தார். மாட்டிக் கிளப்பியதும் ஸ்கேனரில் எண்கள் பெட்டிப் பாம்பாக அடங்கின. என் வீட்டுக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். நாலு மாதத்துக்கு முன்னால் சந்தேகப்பட்டுக் கழற்றிய நல்ல சென்சாரை ஒரு தரம் கழுவிப் பார்த்திருந்தால் இத்தனை கூத்தே இல்லை. அதை அவர் வாயால் சொல்லவைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் விடுவேனா?

ஸ்கேனரில் வந்த பிழைக்குறியை அழித்தால் மட்டும் போதாது. வண்டியை ஓட்ட ஓட்டக் கம்ப்யூட்டர் தன்னைத் தானே சரிபார்த்து முடித்தால்தான் பரிசோதனை மெஷின் ஒத்துக்கொள்ளும். அதனால் செவ்வாயும் புதனும் கடையைச் சாத்திவிட்டு மூன்று பேரும் வேனில் சுற்றினோம். நாத்தனார் ஓட்ட, இவர் முன் சீட்டில் ஸ்கேனரோடு உட்கார்ந்து மிதி, விடு, ஒரே வேகத்தில் போ என்று உயிரை வாங்க, நான் குழந்தைகள் சீட்டில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே வந்தேன். ஆற்றுப் பாலம் வரை போனோம். கல்யாணம் ஆனதிலிருந்து இவர் என்னை இவ்வளவு தூரம் கூட்டிப்போனது அதுதான் முதல் தடவை என்று நாத்தனாரிடம் போட்டுக்கொடுத்தேன்.

வியாழக்கிழமை பரிசோதனை நிலையத்தில் எங்களுக்கு முன்னால் ஒன்பது வண்டிகள். எங்கள் முறை வந்து, சீட்டு கைக்குக் கிடைக்கும்போது மணி மூன்று பத்து. மூன்றரைக்குப் பள்ளி விடும். நாத்தனார் சீட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓட்டினாள். வேண்டாம், எச்சில் படும் என்று இவர் சொல்ல, பேசாமல் வா அண்ணா என்று பல்லுக்கிடையிலேயே அதட்டினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி அடித்துச் சில நிமிஷம் ஆகியிருந்தது. வாசலில் அந்த இன்னொரு வேன் நின்றுகொண்டிருந்தது. பளபளவென்று புதுசு. பிள்ளைகள் எல்லாரும் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. டிரைவர் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். நாத்தனார் எங்கள் வேனை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். செய்ததெல்லாம் நான்தானே.

அலுவலக அம்மா வாசலுக்கு வந்தார். இவர் இறங்கி ஓடிப்போய்ச் சீட்டை நீட்டினார். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியையும் முத்திரையையும் நிதானமாகப் படித்தார். அவர் தலையசைப்பதற்குள், புது வேனின் ஜன்னலில் ஒரு குட்டிப் பெண் எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டாள்.

"டேய், நம்ம அத்தை வந்துட்டாங்க!"

அலுவலக அம்மாவும் தலையசைத்து, போகட்டும் என்றார். அந்த டிரைவர் பாவம், சிரித்துக்கொண்டே கதவைத் திரும்பத் திறந்துவிட்டார். பிள்ளைகள் பையும் தண்ணி பாட்டிலுமாக ஒவ்வொன்றாகக் குதித்து இறங்கி எங்கள் வேனுக்கு ஓடி வந்தன. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தள்ளாமல் ஏறுங்கள், பெல்ட் போடுங்கள், சாக்ஸைத் தொலைத்தது யார் என்று வழக்கம்போலக் கத்த ஆரம்பித்தாள். நான் வாசலில் நின்றபடியே எண்ணினேன். பதினாறு பேரும் இருந்தார்கள்.